பன்னிரண்டரைக்குப் பூட்டும் பள்ளி

திங்கட்கிழமை இவருக்கு லீவு.
செந்தூலில் மூன்று பாலர் பள்ளி பார்த்தோம்,
பிள்ளையை நடுவில் நடக்கவிட்டு.

முதலாவதில் குளிரூட்டி இருந்தது.
சுவர் முழுக்க ஆங்கில எழுத்துகள்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு விலங்கு.
இவர் எழுத்தைப் பார்க்கவில்லை.
வாயிற்கதவுக்குப் போய்த் தாழ்ப்பாளை இழுத்தார்,
உள்ளேயிருந்து ஒரு தடவை
வெளியேயிருந்து ஒரு தடவை.
நாலு வயதுக் கைக்கு எட்டாதுதானா என்று
முழங்காலில் நின்று அளந்தார்.
மாதம் அறுநூற்றைம்பது வெள்ளி, சீருடை தனி
என்றாள் கணக்குப் பெண்.
நல்லது என்றோம். மிகவும் நல்லது என்றோம்.
படியிறங்கும்வரை சிரித்தபடியே இருந்தோம்.

இரண்டாவதில் நான் கழிவறை எங்கே என்று கேட்டேன்.
எனக்கல்ல.
மொண்ட் கியாரா கொண்டோவில்
நாளுக்கு ஏழு கழிவறை கழுவுகிறவள் நான்;
ஒரு வீட்டை அங்கேதான் வாசிப்பேன்.
வாளி காய்ந்திருந்தது.
சவர்க்காரத்தில் எழுத்து இன்னும் அழியவில்லை.
நனைந்த உள்ளாடையோடு ஒரு பொடியன் மூலையில் நின்றான்.
யாரும் அதட்டவில்லை,
யாரும் பார்க்கவும் இல்லை.
பிறகு விண்ணப்பம்.
பிறப்புச் சான்றிதழ் எண், தகப்பன் ஐசி, தாய் ஐசி.
எங்கள் அட்டையில் இருப்பது வேறு மாதிரி எண்,
அவர்கள் கட்டத்துக்குள் அடங்காத நீளம்.
பேனையைத் திருப்பிக் கொடுத்தேன்.
"நாளைக்கு வாறம்."
நாளைக்கு என்றால் என்னவென்று அவளுக்கும் தெரியும்.

நான் துடைக்கும் வீட்டு அம்மா சொல்வாள்,
அவள் மகன் பள்ளியில் விளையாட்டு மட்டும்தானாம்,
மண், தண்ணீர், இலை.
இந்த வயதில் எழுத வைப்பது பாவமாம்.
ஜன்னலைத் தேய்த்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன்.
அவள் மகன் எப்போது எழுதினாலும் சரிதான்,
எழுத்து அவனுக்காகக் காத்திருக்கும்.
என் பிள்ளைக்குக் காத்திருக்குமா?
ஆனாலும் பதினான்காம் மாடியில், கம்பிக்குப் பின்னால்
வாளிமூடியைச் சக்கரமாக்கி உருட்டுகிறாளே,
கீழ்வீட்டுக்காரர் தும்புத்தடியால் இடிக்கும்வரை.
மண்ணும் வேண்டும்தான்.
பென்சிலும் வேண்டும்.
இரண்டையும் ஒரே வாயால் எப்படிக் கேட்பது?

இவருக்கு ஒன்றே ஒன்று: மலாய்.
வழியில் மறித்து யாரும் கேட்டால்
இன்னாரின் மகள், இன்ன பிளாட், இன்ன மாடி என்று
திக்காமல் சொல்லிவிட வேண்டும்.
தமிழை நான் பார்த்துக்கொள்வேன் என்கிறார்,
இரவு பதினொன்றுக்கு வீடு வருகிற மனுசன்.

மூன்றாவது, டயர்க் கடைக்கு மேலே.
படியெல்லாம் ரப்பர் மணம்.
வாசலில் குட்டிச் சப்பாத்துகள், சில சோடி மாறி.
சிக்கு ரொஹானி, என்னைவிட இளையவள்,
ஒரு கொப்பியை விரித்தாள்.
எண் கேட்கவில்லை, பெயர் கேட்டாள்.
யதுசா.
யாட்டுசா என்றாள். இல்லை, யது.
நான்காம் தரத்தில் சரியாக வந்தது.
பிறகு, எங்களுக்காக மெதுவாக்கிய மலாயில்,
பசித்தால் என்ன சொல்வாள்? வயிறு வலித்தால்?
மூத்திரம் வந்தால் உங்கள் பாசையில் என்ன?
நான் சொல்லச் சொல்ல
தன் எழுத்தில் எழுதிக்கொண்டாள்:
பசிக்குது. நோகுது. ஒண்டுக்கு.
இவர் தாழ்ப்பாளைப் பார்க்க மறந்துபோனார்.

மாதம் எண்பது வெள்ளி.
முடியாத மாதம் அரிசி தரலாம்.
பன்னிரண்டரைக்குப் பூட்டிவிடுவோம்.

பன்னிரண்டரை.
எனக்கு வேலை முடிவது மூன்றுக்கு.
இவர் கடையில் அது சோற்றுக் கூட்டம்,
எச்சில் கோப்பைகள் மலையாய் வரும் நேரம்.

திரும்பி நடக்கையில் ஒருவரும் கதைக்கவில்லை.
இவர் விரல்களை மடக்கினார், விரித்தார்,
மறுபடி மடக்கினார்.

பிள்ளை முன்னால் ஓடிப்போய்
லிப்ட் கதவைப் பார்த்து "துத்துப்!" என்றாள்.
மூடு என்று மலாயில்.
அரை மணி நேரத்தில் எங்கே பொறுக்கினாள் இதை?
கதவு திறந்தபடியே நின்றது, வழக்கமான பழுது.

பதினான்கு மாடி.
இவர் அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.
ஆறாவதில் நின்று மூச்சு வாங்கியபடி
"காலமை நான் கொண்டுபோய் விடுறன்" என்றார்.

கூட்டிவருவதைப் பற்றி
இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
ஏழாவதில் விளக்கு எரியவில்லை.
சுவரைத் தடவித் தடவி ஏறினோம்.